தபாலில் வரும் பல்வரிசை

நெகிரி செம்பிலானின் ரந்தாவ், சிலியாவ் பக்கத் தோட்டங்களில் பிள்ளைக்குப் பல் எடுப்பாக இருப்பது பெரும்பாலும் கல்யாணப் பேச்சு எழும்போதுதான் கவலையாகிறது. தனியார் நிபுணரிடம் போனால் ஆயிரக்கணக்கில் ரிங்கிட். அரசு மருத்துவமனையில் நீண்ட காத்திருப்பு. கைப்பேசி விளம்பரங்களிலோ, பல்லை வரிசையாக்க வீட்டுக்கே பெட்டி வரும், மாதத் தவணை போதும் என்கிறார்கள். மயக்கம் வராமல் இருக்குமா?

பெட்டியில் மாவு போன்ற பசை இருக்கும். பிசைந்து, தட்டில் அப்பி, கடித்து, அச்சைத் திருப்பி அனுப்பினால், பல்லை நகர்த்தும் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் உறைகள் வரும். அச்சில் பதிவது பல்லின் தலை மட்டுமே. வேரும் எலும்பும் எக்ஸ்ரேயில்தான் தெரியும். பல் நகர ஒருபக்கம் எலும்பு கரைந்து மறுபக்கம் வளர வேண்டும். ஈறுநோய் உள்ள வாயில் இந்த வேலையைத் தொடங்கினால் பல்லே ஆடிவிடக்கூடும்.

இப்படிப் பெட்டி அனுப்பிய அமெரிக்க நிறுவனமான ஸ்மைல் டைரக்ட் கிளப் 2023 டிசம்பரில் கடையை மூடியது. சிகிச்சை பாதியில் நின்றது; தவணையை மட்டும் விடாமல் கட்டச் சொன்னார்கள்!

நிபுணர் இல்லாத சிகிச்சை இங்கும் நடந்தது. பக்கத்து மலாக்காவில் 2017இல், யூடியூப் பார்த்துக் கற்றுப் பிறருக்குப் பல்கம்பி கட்டிய 20 வயதுப் பெண்ணுக்கு 70,000 ரிங்கிட் அபராதம். அதைக் கட்ட நன்கொடை திரண்டது. கம்பி கட்டிக்கொண்டவர்களின் பல்லுக்கு யார் திரட்டினார்கள்?

அரசு மருத்துவமனையில் காத்திருப்பு நீளம் என்றால், பள்ளிகளுக்குப் போகும் சுகாதார அமைச்சின் பல்மருத்துவக் குழு, தோட்டப் பள்ளிகளில் சொத்தைப் பல்லோடு கோணல் பல்லையும் குறித்து, ஆறாம் ஆண்டிலேயே நிபுணரிடம் பெயரைப் பதிந்துவிடட்டும்.