விமானி இல்லாத விமானம்: பயணிகள் நம்ப வேண்டியது யாரை?

புது தில்லி: டிசம்பர், ஜனவரி மாதங்களில் தில்லி இந்திரா காந்தி சர்வதேச விமான நிலையத்தை அடர்ந்த மூடுபனி சூழும்போது, 50 மீட்டருக்கு அப்பால் ஓடுபாதை தெரியாத நிலையிலும் விமானங்கள் தரையிறங்குகின்றன. அத்தகைய நேரங்களில் விமானத்தைத் தரையிறக்குவது விமானியின் கைகள் அல்ல, தானியங்கிக் கருவிகளே. விமானி அவற்றைக் கண்காணிக்கிறார். பயணிகளில் பலர் இதை அறிவதில்லை.

வானம் தெளிவாக இருக்கும் நாள்களிலும் புறப்பட்ட சில நிமிடங்களில் தானியங்கி விமானி (ஆட்டோ பைலட்) பொறுப்பேற்றுக் கொள்கிறது. பயணத்தின் பெரும்பகுதி அதன் கட்டுப்பாட்டிலேயே நடைபெறுகிறது. எனில், விமானியே இல்லாத விமானத்தில் ஏறுவதற்கு ஏன் தயங்க வேண்டும் என்ற கேள்வி இயல்பாகவே எழுகிறது.

இது வெறும் கற்பனைக் கேள்வி அல்ல. ஐரோப்பாவின் ஏர்பஸ் நிறுவனம் 2020-ஆம் ஆண்டு ஏ-350 விமானத்தைக் கேமராக்களின் உதவியுடன் தானாகவே மேலெழும்பச் செய்து சோதித்தது. விமானி இன்றி இருவரை ஏற்றிச் செல்லும் ஈஹாங் நிறுவனத்தின் சிறிய மின்சார வானூர்திக்கு, 2023 அக்டோபரில் சீன அரசு வகைச் சான்றிதழ் வழங்கியது.

பயணிகளின் மனநிலை வேறாக உள்ளது. யுபிஎஸ் வங்கி 2017-ஆம் ஆண்டு நடத்திய ஆய்வில், விமானி இல்லாத விமானத்தில் பயணிக்க வாய்ப்பில்லை என 54 சதவீதம் பேர் கூறினர். பயணிக்கக் கூடும் என்றவர்கள் 17 சதவீதம் பேர் மட்டுமே. அதே ஆய்வு, விமானிகள் இல்லாவிட்டால் ஆண்டுக்கு 3,500 கோடி டாலர் வரை மிச்சமாகும் என மதிப்பிட்டது. தயக்கம் பயணிகளுக்கு, ஆதாயம் நிறுவனங்களுக்கு என்ற நிலையில்தான் இந்த விவாதம் தொடங்குகிறது.

மனிதத் தவறுகள்: இயந்திரத்துக்கு ஆதரவான வாதத்தை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. 2010 மே 22-ஆம் தேதி மங்களூரில் நேரிட்ட விபத்தில் 158 பேர் உயிரிழந்தனர். தரையிறங்கும் முயற்சியைக் கைவிடுமாறு துணை விமானி கூறியும், எச்சரிக்கைக் கருவி ஒலித்தும் தலைமை விமானி அதைத் தொடர்ந்தார் என்று விசாரணையில் தெரிய வந்தது. 2020 ஆகஸ்ட் 7-ஆம் தேதி கோழிக்கோட்டில் 21 உயிர்களைப் பறித்த விபத்திலும், வகுக்கப்பட்ட நடைமுறைகளை விமானி பின்பற்றாததே காரணமாக இருக்கக் கூடும் என விசாரணை அறிக்கை கூறியது.

இயந்திரத்துக்குத் தூக்கம் இல்லை, சோர்வு இல்லை, அவசரமும் இல்லை. விமானிகளின் ஓய்வு தொடர்பான புதிய விதிகளுக்கு ஏற்பத் திட்டமிடத் தவறியதால் 2025 டிசம்பரில் நாட்டின் மிகப் பெரிய விமான நிறுவனம் ஆயிரக்கணக்கான சேவைகளை ரத்து செய்ய நேரிட்டது. மனிதர்களை நம்பியிருப்பதற்கான விலை என்ன என்பதை அந்நாள்களில் பயணிகள் உணர்ந்தனர்.

இயந்திரத் தவறுகள்: ஆனால், மறுபக்கமும் உண்டு. 2018 அக்டோபரில் இந்தோனேசியாவிலும் 2019 மார்ச்சில் எத்தியோப்பியாவிலும் போயிங் 737 மேக்ஸ் விமானங்கள் விழுந்து நொறுங்கியதில் மொத்தம் 346 பேர் உயிரிழந்தனர். ஒரேயொரு உணர்கருவி அளித்த தவறான தகவலை நம்பிய மென்பொருள், விமானத்தின் மூக்கைத் திரும்பத் திரும்பக் கீழ்நோக்கி அழுத்தியது.

இந்தோனேசிய விமானத்தில் விபத்துக்கு முந்தைய நாளே இதே கோளாறு தலைகாட்டியது. அன்று விமானி அறையில் உடன் பயணித்த மூன்றாவது விமானியின் உதவியோடு நிலைமை சமாளிக்கப்பட்டு, விமானம் பத்திரமாகத் தரையிறங்கியது. மறுநாள் அந்த வாய்ப்பு கிட்டவில்லை. கருவி பொய் சொல்லும்போது, அதைச் சந்தேகிக்க ஒரு மனிதர் தேவைப்படுகிறார் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

எனினும், அந்த விபத்துகளை மென்பொருளின் தவறு என்று மட்டும் கூறி முடித்துவிட இயலாது. அத்தகைய மென்பொருள் இருப்பதே விமானிகளின் கையேட்டில் விளக்கப்படவில்லை. சான்றளிக்கும் பணியின் பெரும்பகுதி தயாரிப்பு நிறுவனத்தின் ஊழியர்களிடமே ஒப்படைக்கப்பட்டிருந்தது. ஒழுங்குமுறை அமைப்பை ஏமாற்றச் சதி செய்ததாக அமெரிக்க அரசு சுமத்திய குற்றச்சாட்டில், 2021 ஜனவரியில் 250 கோடி டாலருக்கும் அதிகமான தொகையைச் செலுத்த போயிங் ஒப்புக்கொண்டது. தோற்றது இயந்திரம் மட்டுமல்ல. இயந்திரத்தைப் பற்றி உண்மை சொல்ல வேண்டியவர்களும்தான்.

எனவே, விமானியா, இயந்திரமா என்பதல்ல முதன்மையான கேள்வி. இயந்திரம் பாதுகாப்பானது என்று சான்றளிப்பவர் யார், அவர் யாருக்குக் கட்டுப்பட்டவர், தவறு நேர்ந்தால் உண்மையை வெளிக்கொணர்பவர் யார் என்பதே கேள்வி.

மெட்ரோ தரும் பாடம்: ஓட்டுநர் இல்லாத வாகனம் இந்தியர்களுக்குப் புதிதல்ல. தில்லி மெட்ரோவின் மெஜந்தா வழித்தடத்தில் 2020 டிசம்பரில் ஓட்டுநர் இல்லா ரயில் சேவை தொடங்கியது. முன்னதாக 2017 டிசம்பரில், அதே வழித்தடத்துக்கான ரயில் ஒன்று காளிந்தி குஞ்ச் பணிமனையின் சுவரை உடைத்துக்கொண்டு வெளியே வந்தது. பிரேக்கைச் சரிபார்க்காத ஊழியர்களின் கவனக்குறைவே காரணம் எனத் தெரிவிக்கப்பட்டது. பயணிகள் சேவை தொடங்குவதற்கு முன்பே தவறு வெளிப்பட்டது. அதன் பிறகு படிப்படியாகவே தானியங்கி முறை நடைமுறைக்கு வந்தது. இன்று பயணிகள் அதைப் பெரிதாக எண்ணுவதில்லை.

ஆனால், ரயிலுக்கும் விமானத்துக்கும் அடிப்படையில் ஒரு வேறுபாடு உண்டு. ஐயம் எழுந்தால் ரயிலை நின்ற இடத்திலேயே நிறுத்திவிடலாம். வானில் அதற்கு வழியில்லை. கோளாறுடன் பறந்துகொண்டே தீர்வு காண வேண்டும்.

இந்தியாவின் நிலை: இந்த அளவுகோலில் நமது அமைப்புகள் எங்கே நிற்கின்றன? விமானப் பாதுகாப்பு குறித்து 2025 ஆகஸ்டில் அறிக்கை அளித்த நாடாளுமன்ற நிலைக்குழு, சிவில் விமானப் போக்குவரத்து தலைமை இயக்குநரகத்தில் (டிஜிசிஏ) அனுமதிக்கப்பட்ட 1,063 பணியிடங்களில் 553 மட்டுமே நிரப்பப்பட்டிருந்ததைச் சுட்டிக்காட்டியது. இப்போதுள்ள விமானங்களைக் கண்காணிக்கவே ஆள் போதாத அமைப்பு, பல லட்சம் வரிகள் கொண்ட மென்பொருளை எவ்வாறு சோதித்துச் சான்றளிக்கும்?

விபத்துகளை ஆராயும் புலனாய்வுப் பிரிவும் விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழேயே இயங்குகிறது. ஆமதாபாதில் 2025 ஜூன் 12-ஆம் தேதி நிகழ்ந்த விபத்தில் 260 பேர் உயிரிழந்தனர். விமானம் மேலெழும்பிய சில நொடிகளில் இரு என்ஜின்களுக்கும் எரிபொருள் செல்வதைக் கட்டுப்படுத்தும் விசைகள் அடுத்தடுத்து அணைக்கும் நிலைக்கு மாறியதாக ஜூலையில் வெளியான முதற்கட்ட அறிக்கை தெரிவித்தது. ஏன் அணைத்தீர்கள் என ஒரு விமானி கேட்பதும், நான் அணைக்கவில்லை என மற்றவர் பதிலளிப்பதும் ஒலிப்பதிவில் இருந்தன. விசைகள் மாறியது எவ்வாறு என அந்த அறிக்கை கூறவில்லை. விமானிகள் மீது பழி சுமத்தப்படுவதாக விமானிகள் சங்கங்கள் எதிர்ப்புத் தெரிவித்தன.

இரு மனிதர்கள் பேசிய சொற்கள் பதிவாகியிருந்தும் இத்தனை சர்ச்சை. விமானி இல்லாத விமானத்தில் அந்தச் சொற்களும் இருக்காது. மென்பொருள் ஏன் அவ்வாறு முடிவெடுத்தது என அறிய, அதைத் தயாரித்த நிறுவனத்தின் உதவியையே நாட வேண்டியிருக்கும்.

தகவல் தொடர்பும் ஐயத்துக்கு அப்பாற்பட்டதல்ல. 2023 நவம்பர் முதல் 2025 பிப்ரவரி வரை, பெரும்பாலும் அமிருதசரஸ், ஜம்மு பகுதிகளில், செயற்கைக்கோள் வழிகாட்டிச் சமிக்ஞைகளில் குறுக்கீடு செய்யப்பட்டதாக 465 நிகழ்வுகள் பதிவாகின என மத்திய அரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. 2025 நவம்பரில் தில்லி விமான நிலையத்தில் தகவல் பரிமாற்றக் கணினி முறை பழுதடைந்ததால் நூற்றுக்கணக்கான விமானங்கள் தாமதமாயின. போலிச் சமிக்ஞையை விமானி அடையாளம் கண்டு வேறு வழிகாட்டிக் கருவிக்கு மாறுகிறார். அவர் இல்லாத இடத்தில் அந்தப் பொறுப்பை ஏற்பது எது?

செய்ய வேண்டியது: அனுமதியின்றி, விமானி இல்லாத விமானம் பிற நாட்டின் வான்வெளியில் பறக்கக் கூடாது என 1944-ஆம் ஆண்டின் சிகாகோ உடன்படிக்கையின் 8-ஆவது பிரிவு கூறுகிறது. அந்த அனுமதியை எந்த நிபந்தனைகளின் பேரில் அளிப்பது என்பதை இந்தியா இப்போதே சிந்திக்க வேண்டும். பயணிகளுக்கு முன் சரக்கு விமானங்களில் நீண்டகாலச் சோதனை, கோளாறுகள் அனைத்தையும் பகிரங்கப்படுத்தும் கட்டாயம், அமைச்சகத்தின் பிடியிலிருந்து விடுபட்ட விசாரணை அமைப்பு ஆகியவை குறைந்தபட்சத் தேவைகள். பயண வேளையில் ஒரு விமானி ஓய்வெடுக்க, மற்றொருவர் மட்டும் விமானத்தை இயக்குவது இருவர் இயக்குவதற்கு இணையான பாதுகாப்புடையது என்பதைப் போதிய அளவு நிரூபிக்க இயலவில்லை என ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு முகமை 2025-இல் முடிவுக்கு வந்தது. ஒருவரையே ஏற்கத் தயங்கும் நிலையில், ஒருவரும் இல்லாத விமானத்துக்கு அவசரம் தேவையில்லை.

தில்லி மூடுபனிக்கே திரும்புவோம். கருவிகளின் துணையோடு தரையிறங்கும் பயிற்சி பெறாத விமானிகளைப் பனிமூட்ட நாள்களில் பணியமர்த்தியதற்காக, 2024 ஜனவரியில் இரு நிறுவனங்களுக்குத் தலா ரூ. 30 லட்சம் அபராதம் விதித்தது டிஜிசிஏ. தரையிறக்கும் கருவி தயாராக இருந்தும், அதைக் கையாளத் தகுதியான ஆளை அனுப்பும் கடமையில் நிறுவனங்கள் தவறின. கண்காணிக்கும் அமைப்பு விழித்திருந்ததால் அது வெளிப்பட்டது.

கண்ணுக்குத் தெரியாத ஓடுபாதையில் பயணி இன்று அச்சமின்றி இறங்குவது, இந்தக் கண்காணிப்பின் மீதுள்ள நம்பிக்கையால்தான். அந்த நம்பிக்கைக்கு உரிய அமைப்புகள் வலுப்பெறும் வரை, விமானி இருக்கை காலியாக உள்ள விமானத்தில் ஏற மறுக்கும் பயணியை அறியாமை கொண்டவர் என்று யாரும் குறை கூற முடியாது.