தடவும் தூபக்காலும்

நெடுநல்வாடையைப் பதினெட்டு ஆண்டுகளாக வகுப்பில் நடத்தி வருகிறேன். மார்கழியிலும் மின்விசிறி சுழலும் ஊர் எங்களுடையது. வெள்ளத்துக்கு அஞ்சி மேட்டு நிலம் ஏறிய கோவலர் கையைத் தீயில் காய்ச்சிக்கொள்வதையும், மாடு மேய்ச்சலை மறப்பதையும் மாணவர்கள் ஒரு வேற்றுக் கிரகத்துச் செய்திபோலக் கேட்டுக்கொள்வார்கள். 'தடவு' என்ற சொல் வரும்போது கணப்புச் சட்டி என்று பொருள் சொல்லிவிட்டு அடுத்த அடிக்குப் போய்விடுவேன். அந்தச் சொல்லின் முன் நான் முதன்முறையாக நின்றது 2019 ஜனவரி 29ஆம் தேதி இரவில், சிகாகோ நகரில்.

தங்கையின் பிரசவத்துக்காக ஊதியமில்லா விடுப்பில் போயிருந்தேன். குழந்தை பிறந்து பன்னிரண்டு நாள். வாடகைக்கு எடுத்த பழைய மர வீடு. கீழே நிலவறையில் எரிவாயுவில் இயங்கும் ஃபர்னஸ். அன்றிரவு பத்து மணியளவில் சுவரோரத் துளைகளிலிருந்து வந்துகொண்டிருந்த வெங்காற்று நின்றது. மறுநாள் காலை வெளியே வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே 30 டிகிரி செல்சியஸ். அந்த நகரத்தின் வரலாற்றிலேயே மிகக் கடுமையான குளிர்நாள்களுள் ஒன்று அது.

ஃபர்னஸ் எப்படி வேலை செய்கிறது என்பதைத் தங்கையின் கணவர் அந்த இரவில் எனக்கு விளக்கினார். ஏதாவது பேசிக்கொண்டிருப்பது அவருக்கும் தேவையாக இருந்திருக்கலாம். வீடு குளிர்ந்ததும் சுவரிலுள்ள தெர்மோஸ்டாட் ஆணையிடுகிறது. சிறு விசிறியொன்று முதலில் புகைபோக்கியைச் சுத்தம் செய்கிறது. பிறகு விரல் நீளமுள்ள ஒரு தண்டு மின்சாரத்தில் செந்தணலாகப் பழுக்கிறது; அதன்பிறகே எரிவாயு திறக்கும். சுடர் பற்றியதை ஓர் உணர்கருவி உறுதிசெய்யாவிட்டால் சில நொடிகளில் வாயு மூடிக்கொள்ளும். சில முறை முயன்று பார்த்துவிட்டு இயந்திரம் தன்னைத்தானே பூட்டிக்கொள்ளும். எங்கள் வீட்டில் அந்தத் தண்டுதான் விரிசல் விட்டிருந்தது. மலிவான பொருள். ஆனால் அதை மாற்றவேண்டியவர் வீட்டுக்காரர். அவரது தொலைபேசி செய்தியைப் பதிவு செய்துகொண்டதே தவிரப் பதில் பேசவில்லை.

நாங்கள் சமாளித்தோம். இந்தச் சொல்லைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

எல்லோரும் ஒரே அறைக்குள் போனோம். சன்னல்களில் கம்பளிகளை ஆணியடித்து, கதவடியில் துண்டுகளைச் சுருட்டி வைத்தோம். குழாய்களுக்குள் நீர் உறைந்தால் ஏறக்குறைய நூற்றுக்கு ஒன்பது பங்கு விரிந்து குழாயைப் பிளந்துவிடும் என்பதால் எல்லாக் குழாய்களையும் நூலிழையாக ஒழுகவிட்டோம். மின்சார ஹீட்டர்கள் இரண்டு இருந்தன. ஒவ்வொன்றும் 1500 வாட். இரண்டையும் ஒரே இணைப்பில் போட்டதும் மின்சாரம் துண்டித்துக்கொண்டது. ஒன்றை மட்டும் குழந்தையின் கட்டிலுக்கு எட்டத்தில் வைத்து, ஆள் மாற்றி ஆள் விழித்திருந்தோம். விடியும்போது சமையலறையில் 5 டிகிரி. தேங்காய் எண்ணெய்ப் புட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

நள்ளிரவு தாண்டிய ஒரு பொழுதில் எனக்கு ஒரு யோசனை தோன்றியது. பிள்ளையைக் குளிப்பாட்டிச் சாம்பிராணி காட்டுவதற்காக ஊரிலிருந்து தூபக்காலும் கரியும் கொண்டுபோயிருந்தேன். கரியைக் கனியவைத்து அறையின் மூலையில் வைத்தால் என்ன? கணப்புச் சட்டி, தடவு, சங்கப் பாட்டு என்று மனம் ஓடியது. தீப்பெட்டியை எடுத்தபோது தங்கை எழுந்து உட்கார்ந்து, "அக்கா, கதவெல்லாம் அடைச்சு வெச்சிருக்கோம். கரியப் பத்த வெச்சா காலையில யாரும் எழுந்திருக்க மாட்டோம்" என்றாள். கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை, நிறமில்லை. மூடிய அறையில் அது தூக்கத்தைப் போலவே வருகிறது. படுக்கையறைக்கு 15 அடிக்குள் அதற்கான எச்சரிக்கைக் கருவி இருக்கவேண்டும் என்பது இல்லினாய் மாநிலத்தில் 2007 முதல் சட்டம். எங்கள் வீட்டிலும் அது இருந்தது. நக்கீரரின் மாளிகைக்கு அது தேவைப்பட்டிருக்காது. அந்தக் காலத்துக் கதவுகளில் காற்று புகாத ரப்பர் விளிம்பு ஏது? நான் கவிதையைப் பிரதியெடுக்கப் போய் ஒரு குடும்பத்தையே அழித்திருப்பேன்.

ஊர் திரும்பியபின் இந்தக் கதையைச் சொன்னபோதெல்லாம், "அடேயப்பா, எப்படியோ சமாளிச்சிட்டீங்களே!" என்று பாராட்டினார்கள். தொடக்கத்தில் எனக்கும் அது இனித்தது. இப்போது இனிப்பதில்லை.

சிகாகோ நகரச் சட்டப்படி செப்டம்பர் 15 முதல் ஜூன் 1 வரை வாடகை வீட்டில் பகலில் 68 டிகிரி ஃபாரன்ஹீட்டும், இரவில் 66 டிகிரியும் இருந்தாக வேண்டும். நம் கணக்கில் ஏறத்தாழ 20, 19 டிகிரி. கணப்பு இல்லாவிட்டால் வீட்டுக்காரருக்கு எழுத்துமூலம் அறிவித்துவிட்டு, வெப்பத்துக்குத் தாமே வழிசெய்துகொண்டு, செலவை வாடகையில் கழிக்கவும் பெரும்பாலான குடியிருப்போருக்கு உரிமையுண்டு. இவ்வளவும் தங்கையின் கணவருக்குத் தெரியும். ஆனால் நகராட்சிக்குப் புகார் செய்ய அவர் கை எழவில்லை. பணி விசாவில் இருப்பவன், குத்தகை முடியப்போகிறது, அடுத்த வீடு கேட்டால் பழைய வீட்டுக்காரரிடம்தானே விசாரிப்பார்கள் என்றார். சட்டம் வீட்டுக்காரர்மேல் சுமத்திய பொறுப்பை அச்சம் மெல்லக் குடியிருப்பவன் தோளுக்கு மாற்றிவிடுகிறது. அதற்கு நாம் வைத்திருக்கும் அழகான பெயர்தான் சமாளிப்பு.

2022 ஜனவரி 9 அன்று நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் 19 மாடிக் குடியிருப்பொன்றில் பழுதான மின்சார ஹீட்டரிலிருந்து தீப்பிடித்தது. தானாக மூடியிருக்க வேண்டிய கதவுகள் மூடாததால் புகை மாடிப்படிகளில் ஏறியது. இறந்தவர்கள் 17 பேர். அவர்களில் 8 குழந்தைகள். காம்பியாவிலிருந்து வந்து குடியேறியவர்கள் பலர் வாழ்ந்த கட்டடம் அது. அந்த ஹீட்டர் பல நாள்களாக ஓடிக்கொண்டிருந்ததென்று தீயணைப்புத் துறை சொன்னது. முந்தைய நாள் வரை அவ்வீட்டாரையும் யாராவது கெட்டிக்காரர்கள் என்று மெச்சியிருக்கக்கூடும். நம் மலையூர்களிலும் விடுதி அறையைச் சாத்திக்கொண்டு கரியடுப்புடன் உறங்கியவர்கள் எழாமற்போன செய்திகள் வருவதுண்டு. செய்தியில் 'அலட்சியம்' என்று ஒரு சொல் இருக்கும். அறைக்கு வாடகை வாங்கியவர் குளிருக்கு என்ன ஏற்பாடு செய்திருந்தார் என்ற கேள்வி இருக்காது.

அதே ஜனவரி 30இல் சிகாகோ புறநகர் ரயில்பாதைகளில் தண்டவாளம் பிரியும் இடங்களுக்குப் பக்கத்தில் எரிவாயுத் தீ மூட்டியிருந்தார்கள். படங்கள் உலகமெங்கும் போயின. இரும்பு குளிரில் சுருங்கி ரயில் நின்றுவிடக்கூடாது அல்லவா? அந்த ஏற்பாட்டைக் குறைசொல்லவில்லை. அன்று காலை, ஐந்து டிகிரிச் சமையலறையில் நின்று அந்தப் படத்தைத் தொலைபேசியில் பார்த்தேன்.

நெடுநல்வாடையை இப்போது வேறுமாதிரி நடத்துகிறேன். மேட்டு நிலத்தில் நடுங்கும் கோவலரும், கதவைத் தாழிட்டுத் தடவில் நெருப்பு வளர்க்கும் மாடத்து மக்களும் ஒரே பாட்டில் இருக்கிறார்கள். மாடத்தில் கோடைக்குச் செய்த விசிறி சுருக்கப்பட்டுச் சிலந்தி நூல் படர்ந்து தொங்குகிறது. யாருக்கு எந்த நெருப்பு என்பதை நக்கீரர் குறித்து வைத்திருக்கிறார். எவரும் குளிரைச் சமாளித்ததாக அவர் மெச்சவில்லை. 188 அடிகளில் அதற்கு இடமில்லாமற் போயிருக்காது.

31ஆம் தேதி பிற்பகல் பழுது பார்ப்பவர் வந்தார். இருபது நிமிட வேலை. அதற்குள் நண்பர் ஒருவர் தங்கையையும் குழந்தையையும் தம் வீட்டுக்கு அழைத்துப் போயிருந்தார். மாலையில் வீட்டுக்காரரிடமிருந்து ஒரு குறுஞ்செய்தி வந்தது: பொறுமைக்கு நன்றி. தங்கையின் கணவர் அதற்கு ஒரு புன்னகைக் குறி அனுப்பினார். பிப்ரவரி வாடகையை முதல் தேதியே முழுதாகச் செலுத்தினார்.