மாமரம் விறகுக்குத்தானா?

மாங்காய்க்குப் பெயர் போன சித்தூர் மாவட்டத்தில், தமிழக எல்லையை ஒட்டி இருக்கிறது பாலசமுத்திரம். இப்பக்கத்துத் தோப்புக்காரர்களின் பிழைப்பு எப்படிப்பட்டது என்பதை 2025-ஆம் ஆண்டு காட்டியது. கிளிமூக்கு மாங்காய் விலை சரிந்து, கிலோவுக்கு 12 ரூபாய் என்று ஆந்திர அரசு நிர்ணயித்து, அதில் 4 ரூபாயைத் தானே தர முன்வர நேர்ந்தது. பழம் கைவிடும்போது, காய்ப்பு ஓய்ந்த மரத்தின் கட்டையாவது கைகொடுக்க வேண்டாமா?

மாங்கட்டையோ பெரும்பாலும் விறகாகவும் பழப்பெட்டிப் பலகையாகவும் போய்விடுகிறது. கதவு செய்தால் கோணும், கட்டில் செய்தால் பூச்சி அரிக்கும் என்று பேச்சு. குற்றம் மரத்தினுடையது அல்ல, நமது அவசரத்தினுடையது.

பச்சை மரத்தில் நீர் நிறைந்திருக்கும். வெளிப்புறம் முந்திக் காய்ந்து சுருங்க, உட்புறம் ஈரமாகவே நிற்பதால் வெடிப்பு விழுகிறது. எனவே வெட்டியவுடன் பலகையாக அறுத்துவிட வேண்டும். கட்டையாகப் போட்டு வைத்தால் கறை பிடிக்கும், வண்டு துளைக்கும். வெட்டுமுகங்களில் பெயிண்டோ மெழுகோ பூசி, பலகைகளுக்கு இடையே ரீப்பர் கொடுத்து, காற்றோட்டமான நிழலில் அடுக்க வேண்டும். வெயிலில் போடலாகாது. ஒரு பலகையை வாரந்தோறும் நிறுத்துப் பார்த்து, எடை குறைவது நின்ற பிறகே இழைப்புளி வைக்க வேண்டும். அறுப்பதில் வேகம், ஆக்குவதில் நிதானம். இதுவே பக்குவம்.

பூச்சிக்கும் வழி உண்டு. ஈரப் பலகையை வெங்காரமும் போரிக் அமிலமும் கரைத்த நீரில் ஊறவிட்டால் மருந்து உள்ளே இறங்கும். மழையில் நனையும் தலைவாசல் கதவுக்கு மட்டும் இது உதவாது. மருந்து கரைந்து போகும். உள் கதவு, அலமாரி, கட்டிலுக்குத் தாராளமாக ஆகும்.

பலாவும் பழமரம்தான். பண்ருட்டிப் பலாக்கட்டை தஞ்சாவூர்க் கைவினைஞரிடம் வீணையாகிறது. அந்த வீணைக்கு 2013-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. மலேசியாவில் ஒரு காலத்தில் அடுப்புக்குப் போன ரப்பர் மரம், மருந்தேற்றி உலர்த்தக் கற்ற பிறகு மேசை நாற்காலியாகி வெளிநாடுகளுக்குக் கப்பல் ஏறுகிறது. மாமரத்துக்கு மட்டும் ஏன் இந்த யோகம் கூடாது?

மண்டலத்துக்கு ஒரு மருந்துத் தொட்டியும் உலர்த்தும் கொட்டகையும் போதும். தோப்புக்காரர்கள் கூட்டுறவாகச் சேர்ந்தால் இது பெரிய செலவல்ல. அரசும் கடன் கொடுத்து உதவ வேண்டும். எல்லையின் இருபுறத்துத் தச்சர்களுக்கும் வேலை கிடைக்கும்.

சொந்த ஊரில் சிறுகச் சிறுக வீடு கட்டும் நம்மவர்களுக்கும் ஒரு வார்த்தை. கதவுக்கு முன்பணம் கொடுக்குமுன், பலகை அறுத்து எத்தனை மாதம் ஆயிற்று என்று கேளுங்கள். விலையைப் பிறகு பேசலாம்.