கரைக்கு வந்த தமிழ்

இணைய இணைப்பு கொடுத்துவிட்டால் கிராமம் தானாக முன்னேறிவிடும் என்பவர்கள், புதுச்சேரி வீராம்பட்டினத்தின் கதையைப் படிக்கலாம். எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998-ல் தொடங்கிய திட்டத்தில் இந்த மீனவர் ஊருக்கும் ஒரு தகவல் மையம் கிடைத்தது. அலையின் உயரம் பற்றிய முன்னறிவிப்பு அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்தில் இலவசமாகவே கிடந்தது. ஆனால் ஆங்கிலத்தில்! மையத்தில் இருந்தவர்கள் அதை எடுத்து, தமிழில் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். கடலுக்குப் போவதா வேண்டாமா என்பதைக் கரையில் நின்றபடியே முடிவு செய்யலாம். எழுதப் படிக்கத் தெரிய வேண்டும் என்றுகூட இல்லை.

உண்மையான மதிப்பு கூடியது அந்தத் தமிழாக்கத்தில்தான். ஆனால் இப்படிப்பட்ட திட்டங்களின் செலவுக் கணக்கைப் பார்த்தால் வேடிக்கை. கணினிக்கும் கம்பிக்கும் கோபுரத்துக்கும் நிதி உண்டு. தினமும் உட்கார்ந்து தமிழில் சொல்பவருக்கு மட்டும் 'தன்னார்வலர்' பட்டம் போதுமாம். புதுச்சேரி மையங்களிலும் உள்ளூர்த் தன்னார்வலர்கள்தான் வேலை பார்த்தார்கள், பலர் பெண்கள்.