பெயரைக் கெடுக்க ஒரு ஸ்குரூ போதும்!

திருப்புட்குழித் தறியில் நெய்த பட்டுச்சேலை ஒன்று முதல் தண்ணியிலேயே சாயம் விட்டால் வாங்கினவங்க என்ன சொல்வாங்க? நெய்தவர் யாரென்று அவங்களுக்குத் தெரியாது. "காஞ்சிபுரம் பட்டே இப்படித்தான்" என்று ஊரையே சொல்லிவிடுவாங்க. கார் கம்பெனிக்கும் இதே கதைதான்!

சென்னை வண்டலூர் பக்கம் ஸ்டாண்டர்ட் மோட்டார் கம்பெனி இருந்தது. ஹெரால்ட் கார் தந்து பெயர் வாங்கிய கம்பெனி. 1985-ல் 'ஸ்டாண்டர்ட் 2000' காரை வெளியிட்டது. பாடி, இங்கிலாந்தின் ரோவர் எஸ்.டி.1 காருடையது. பெராரி டேடோனா ஸ்போர்ட்ஸ் காரின் சாயலில் வரைந்தது. 1977-ல் ஐரோப்பாவின் சிறந்த கார் என்ற விருதும் பெற்றது. அங்கே அதற்கு 3500 சி.சி. வி-8 இன்ஜின் உண்டு. இங்கே? 1940-களின் வான்கார்டு கார் வழிவந்த 1991 சி.சி. இன்ஜின், நாலு கியர், சுமார் 83 குதிரைத்திறன்!

அந்த இன்ஜின் மட்டமானதா? இல்லவே இல்லை. அதே வம்சத்து 1991 சி.சி. இன்ஜின்தான் 1953-ல் டிரையம்ப் டி.ஆர்.2 ஸ்போர்ட்ஸ் காரை மணிக்கு 160 கி.மீ.க்கு மேல் பறக்க வைத்தது. ஆனால் அது ஒரு டன்னுக்கும் குறைவான சின்ன வண்டி. ரோவர் பாடியோ பெரிசு, கனம் அதிகம். பார்வைக்குக் குதிரை, நடையில் மாடு! இறக்குமதிக் கட்டுப்பாடு, பணமுடை என்று காரணம் சொல்லலாம், நியாயம்தான். ஆனால் ஓட்டுபவர் காரணத்தையா ஓட்டுகிறார்? 1988-ல் உற்பத்தி நின்றது. பல வருஷம் சேர்த்த பெயர் மூணே வருஷத்தில் போச்சு. தொழிலாளர் பிழைப்பும் போச்சு.

இன்னொரு பக்கத்தையும் பாருங்கள். 2014-ல் போர்ஷே கம்பெனியின் 911 ஜி.டி.3 ஸ்போர்ட்ஸ் கார்கள் இரண்டு தீப்பிடித்தன. காரணம், கனெக்டிங் ராடில் தளர்ந்த ஒரு ஸ்குரூ! போர்ஷே என்ன செய்தது? "யாரும் வண்டியை எடுக்காதீங்க" என்று சொல்லி, 785 கார்களுக்கும் இன்ஜினையே மாற்றிக் கொடுத்தது. பெயர் தப்பியது.

தப்பே நடக்காத தொழிற்சாலை கிடையாது. அதை மூடி மறைக்கிறோமா, முன்வந்து சொல்கிறோமா என்பதில்தான் கம்பெனியின் மானம் இருக்கிறது.

நாளைக்கு ஒரகடத்திலோ ஸ்ரீபெரும்புதூரிலோ நம்மில் பலர் லைனில் நிற்கப்போகிறோம். ஷிப்ட் முடியப் பத்து நிமிஷம். டார்க் ரெஞ்சில் 'கிளிக்' சத்தம் வரவில்லை. "விடுப்பா, போகட்டும்" என்கிறார் மேலே இருப்பவர். காண்ட்ராக்டில் நிற்கும் டிரெயினி என்ன பண்ணுவான்? வாயைத் திறந்தால் வேலை போகுமே! இங்கேதான் சங்கம் வேண்டும் நண்பர்களே. சம்பளத்துக்கு மட்டுமல்ல, "இந்தப் பீஸ் சரியில்லை" என்று பயமில்லாமல் சொல்லும் உரிமைக்கும் குரல் கொடுப்போம். லைனை நிறுத்தியவனை வீட்டுக்கு அனுப்பும் கம்பெனி, தன் பெயரையும் கூடவே அனுப்பி வைக்கிறது!

அந்தத் துணிச்சல் லைனில் போய் முளைக்காது. லேபில் வராத ரீடிங்கை வந்ததாக எழுதாமல் இருப்போமே, அங்கேதான் அது முளைக்கும்!