தவணைப் பரீட்சை இல்லாத வாக்குறுதி



2024 நவம்பர் 26ஐ நாம் இன்னும் மறக்கவில்லை. மாவடிப்பள்ளியில் மத்ரஸாப் பிள்ளைகள் வந்த உழவு இயந்திரத்தை வெள்ளம் அடித்துச் சென்ற நாள் அது. அந்த வெள்ளத்துக்குக் காபன் மட்டும்தான் காரணம் என்று நாம் சொல்ல வரவில்லை. ஆனால் வளி ஒரு பாகை சூடானால் ஏறத்தாழ 7 வீதம் கூடுதலான நீராவியைத் தாங்கும். பெய்கிற மழை இன்னும் கடுமையாகப் பெய்யும். ஆகவே காலநிலை என்பது மாநாட்டு மண்டபத்தில் பேசிக் கலைகின்ற விடயமல்ல, எமது பிள்ளைகளின் விடயம்.

2021இல் எமது அரசாங்கம் உலகத்துக்கு வாக்குக் கொடுத்தது. 2030இல் மின்சாரத்தில் 70 வீதம் மீள்புதுப்பிக்கத்தக்க சக்தி. பச்சைவீட்டு வாயுக்களில் 14.5 வீதக் குறைப்பு. கேட்க நல்லாத்தான் இருக்கிறது. அந்த 14.5ஐப் பிரித்துப் பாருங்கள். நாமாகச் செய்வது 4 வீதம்தான். மிகுதி 10.5 வீதம் வெளிநாட்டு உதவி கிடைத்தால் மட்டும். அதுவும் இன்றைய அளவிலிருந்து குறைப்பதல்ல. ஒன்றுமே செய்யாதிருந்தால் எவ்வளவு கூடியிருக்குமோ, அதிலிருந்து குறைப்பது!

"ஓ.எல்.இல் ஒன்பது ஏ எடுப்பேன், ஆனால் தவணைப் பரீட்சை எழுதமாட்டேன்" என்று ஒரு பிள்ளை சொன்னால் நம்புவோமா? பிரித்தானியாவில் 2008ஆம் ஆண்டுச் சட்டப்படி ஐந்தைந்து வருடத்துக்குக் காபன் வரவுசெலவுத் திட்டம் இருக்கிறது. சுயாதீனக் குழுவொன்று வருடாவருடம் பாராளுமன்றத்துக்கு அறிக்கை கொடுக்கிறது. அவர்களும் பின்தங்குகிறார்கள்தான். ஆனால் எங்கே பின்தங்கினார்கள் என்று மக்களுக்குத் தெரியும். எமக்கு அப்படியொரு கணக்கை யார் காட்டுகிறார்கள்?

2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில், கூரையில் சோலர் போட்டவர்களிடம் பகலில் அதை நிறுத்தி வையுங்கள் என்று மின்சார சபை கேட்டது. தேவை குறைந்த நாட்களில் வருகிற மின்சாரத்தைச் சேமிக்கப் போதிய பற்றரி இல்லை. 70 வீதம் என்று வாக்களித்த நாட்டின் ஆயத்தம் இதுதானா?

"நாம் சின்ன நாடு, எங்கட புகையால் உலகம் அழியுமா?" என்று கேட்பவர்களுக்கு ஒரு கேள்வி. நுரைச்சோலையின் 900 மெகாவாட்டுக்கும் நிலக்கரி எங்கிருந்து வருகிறது? டொலர் கொடுத்துத்தான் வாங்குகிறோம். டொலர் முடிந்த 2022இல் 13 மணித்தியாலம் இருட்டில் இருந்தோமே, அதற்குள் மறந்துவிட்டோமா? வெயிலுக்கும் காற்றுக்கும் கப்பல் வரத் தேவையில்லை.

நாமும் சுத்தமானவர்கள் அல்ல. இஸ்ராஃப் பற்றி ஜும்ஆவில் பயான் கேட்டுவிட்டு, ஆளில்லாத பள்ளிவாசலில் ஏசியை ஓட விடுகிறோம். அதைத் திருத்துவது எமது கடமை.

ஆனால் வாக்குறுதி அமானிதம். அதற்குக் கணக்குக் காட்டுவது ஆள்பவர்களின் கடமை. இந்த வருடம் எவ்வளவு குறைத்தீர்கள், எங்கே தவறினீர்கள் என்று தமிழிலும் சிங்களத்திலும் வருடந்தோறும் பாராளுமன்றத்தில் வையுங்கள். அடுத்த முறை எமது எம்.பி. ஊருக்கு வரும்போது பாலத்துக்கும் வீதிக்கும் மனுக் கொடுப்பவர்கள், இந்தக் கேள்வியையும் சேர்த்துக் கேளுங்கள்.