ஈரத் துணியில் எப்படித் தீப்பிடித்தது?



பிப்ரவரி 28 தேசிய அறிவியல் நாள். 1928-ல் சர் சி.வி. ராமன் தம் கண்டுபிடிப்பை அறிவித்த நாள். பள்ளிக்கூடங்களில் கண்காட்சிகள் களைகட்டும். அங்கே அடிக்கடி காணக்கூடிய ஒரு வித்தை: கைக்குட்டையை ஒரு திரவத்தில் முக்கி, இடுக்கியில் பிடித்துத் தீ வைப்பார்கள். குப்பென்று எரியும். தீ அடங்கியதும் பார்த்தால், கைக்குட்டை கருகாமல் ஈரமாகவே இருக்கும்.

ஏன் கருகவில்லை? அந்தத் திரவம் பாதி எத்தனால், பாதி தண்ணீர். எரிவது எத்தனாலின் ஆவி. அந்தச் சூட்டைத் தண்ணீர் வாங்கிக்கொள்கிறது. கொதிக்கும் தண்ணீரில் ஒரு கிராம் ஆவியாகவே சுமார் 540 கலோரி வெப்பம் வேண்டும். ஆகவே ஈரம் உள்ளவரை துணி ஏறத்தாழ 100 டிகிரியைத் தாண்டாது. பருத்தி பற்றிக்கொள்ள அந்தச் சூடு போதாது.

இந்த விடையோடு கைதட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். இன்னொரு கேள்வியை யாரும் கேட்பதில்லை: பாதி தண்ணீர் இருந்தும் தீ எப்படிப் பிடித்தது?

திரவம் எரிவதில்லை, அதன் மேல் நிற்கும் ஆவிதான் எரிகிறது. தண்ணீரோடு எவ்வளவு நன்றாகக் கலந்தாலும், ஆவியாகப் பறப்பதில் எத்தனால்தான் முந்திக்கொள்ளும். பொறி பட்டதும் பற்றுகிற அளவுக்கு ஆவி சேரும் வெப்பநிலையை ‘ஃபிளாஷ் பாயின்ட்’ என்பார்கள். 96 சதவீத எத்தனாலுக்கு அது சுமார் 17 டிகிரி. 70 சதவீதத்துக்கு 21. சரிபாதி கலந்தாலும் 24தான்! 20 சதவீதமாகக் குறைத்தால் 36-க்கு ஏறும். நம் ஊர் மே மாத மதியத்துக்கு அதுவும் பெரிய வேலி இல்லை. 10 சதவீதத்துக்கு வந்தால்தான் 49 டிகிரி.

2020-க்குப் பிறகு நம் வீடுகளில் குடியேறிய சானிடைசரை நினைத்துப் பாருங்கள். உலக சுகாதார நிறுவனம் தந்த செய்முறைகளில் ஒன்றில் எத்தனால் 80 சதவீதம். கையில் தடவினால் தண்ணீர் போலக் குளிர்கிறது. அதனாலேயே தண்ணீர் என்று நம்பிவிடுகிறோம். கை நன்றாக உலர்ந்த பிறகே அடுப்பையோ விளக்கையோ பற்றவையுங்கள். பாட்டிலை அடுப்பு மேடையில் வைக்காதீர்கள். எத்தனால் நீலமாக எரியும். நல்ல வெளிச்சத்தில் அந்தத் தீ கண்ணுக்கே தெரியாமல் போகலாம். கண்காட்சித் திரவத்தில் ஒரு சிட்டிகை உப்புப் போடுவது அதனால்தான்: சோடியம் தீயை மஞ்சளாக்கிக் காட்டிக்கொடுக்கும்.

இந்த வித்தையைப் பிள்ளைகள் வீட்டில் செய்து பார்க்க வேண்டாம். ஆசிரியர் முன்னிலையிலேயே நடக்கட்டும். உங்கள் ஊர்க் கண்காட்சிக்குப் போனால், கைதட்டி முடித்ததும் அந்த இரண்டாவது கேள்வியைப் பிள்ளைகளிடம் கேட்டுவிட்டு வாருங்கள். அவர்கள் சொன்ன பதில்களை எங்களுக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்